கோலாட்டத்துக்கு அறுபது செக்கன்

2006ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் பதினெட்டாம் திகதி, சனிக்கிழமை, பின்னேரம் நான்கு மணி பத்து நிமிடம். வெளியே மூன்று பாகை. மழையாக விழுவதா பனியாக விழுவதா என்று முடிவெடுக்காத ஏதோ ஒன்று சரிவாக அடித்துக்கொண்டிருந்தது. டோர்ட்மண்ட் ரயில் நிலையத்தில், மேடைக் கூரை ஒழுகாத ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, ஒன்பது பெண்களை அதற்குள் நெருக்கமாக நிறுத்திவிட்டு, நான் மட்டும் நனைந்தபடி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒன்பது பேரும் சேலை. சேலைக்கு மேலே குளிர்ச்சட்டை. சேலைக்குக் கீழே, ஒரே கடையில் ஒரே நாளில் நான் வாங்கிக் கொடுத்த வெள்ளைச் சப்பாத்து. ஆளுக்கு இரண்டு கோலாட்டக் கழி. அவர்களில் மூத்தவள் என் மனைவி. என் பையில் ஐந்து பேர் போகக்கூடிய குழுப் பயணச்சீட்டு இரண்டு இருந்தது. ஒன்பதும் ஒன்றும் பத்து; ஓர் இடமும் வீணாகவில்லை. காலையிலிருந்தே எனக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம்.

"ஆட்டம் ஏழரைக்கு. ரயில் இருபத்திரண்டு நிமிசம். நாலு மணிக்கு ஏன் அண்ணை எங்களைக் கொண்டந்து விறைக்கப் பண்ணுறியள்?" என்று கேட்டாள் கிண்டர்கார்டன் தங்கச்சி. ஒரு பாலர் பாடசாலையின் சமையலறையில் வேலை செய்கிறவள். குழுவில் இளையவள், நாற்பத்தொரு வயது.

"முதல் ரயில் பிந்தும். ரெண்டாவது வராது. மூண்டாவதில போகலாம்."

"அப்ப நாங்கள் மூண்டாவதுக்கே வந்திருக்கலாமே."

ஆட்கள் வேடம் போட்டுத் திரிகிற கார்னிவல் காலம் அது. முயல் காது வைத்த தொப்பி போட்ட ஒரு ஜேர்மன் கிழவர், கையில் பியர்ப் போத்தலோடு எங்கள் முன்னால் வந்து நின்று, ஒன்பது பேரையும் மேலிருந்து கீழாகப் பார்த்து, என்ன வேடம் போட்டிருக்கிறீர்கள் என்று மிகுந்த மரியாதையாகக் கேட்டார். தங்கச்சி தன் சேலையைக் கணுக்கால் வரை தூக்கி, வெள்ளைச் சப்பாத்தைக் காட்டி, "ஜேர்மன்காரர் வேடம்" என்றாள். கிழவர் அதை ஏற்றுக்கொண்டு போனார். முதல் ரயில் சரியான நேரத்துக்கு வந்தது. அதனால் மண்டபத்துக்கு இரண்டே முக்கால் மணித்தியாலம் முந்திப் போய்ச் சேர்ந்தோம்.

எதற்காகப் போனோம் என்பதைச் சொல்ல வேண்டும். பக்கத்து நகரத்தில் ஒரு கூடைப்பந்துக் கழகம் இருந்தது. சம்பளம் வாங்கி விளையாடுகிற ஆட்கள். பாதிப் பேர் அமெரிக்கர். எங்கள் நகரத்தில் அந்த வருடம் உதைபந்தாட்டத்தைத் தவிர வேறு பேச்சில்லை. கோடையில் உலகக் கிண்ணம் வர இருந்தது. கூடைப்பந்துக்காரருக்கு ஆட்களைச் சேர்க்க வேண்டிய தேவை. பாட்டும் ஆட்டமும் போட்டுத்தான் அவர்கள் மண்டபத்தை நிரப்பினார்கள். அதே காலத்தில் ஜேர்மன் தொலைக்காட்சியில் ஹிந்திப் படங்கள் ஜேர்மன் மொழி பேசத் தொடங்கியிருந்தன. சேலை கட்டிய எவரைக் கண்டாலும் பொலிவூட் என்றார்கள். நகரசபையின் ஏதோ ஒரு விழாப் பட்டியலில் என் மனைவியின் தொலைபேசி இலக்கத்தைக் கண்ட கழகத்துப் பெண்ணொருத்தி, ஜனவரியில் ஒரு நாள் வீட்டுக்கு எடுத்துவிட்டாள்.

"ஆர் எடுத்தது?" என்று கேட்டேன்.

"கூடைப்பந்துக் கழகமாம். எங்களை வந்து ஆடட்டாம். நான் ஓமெண்டு சொல்லிப்போட்டன்."

"எப்ப ஆடுறது? விளையாட முதலோ, முடிஞ்ச பிறகோ?"

"நடுவில. அவுஸ்சைற்றில எண்டு சொன்னவள்."

"அப்பிடியெண்டால்?"

"உங்களுக்குத்தானே டொச் தெரியும்."

எனக்கு டொச், அதாவது ஜேர்மன் மொழி, தெரியும் என்பது எங்கள் ஆட்களிடையே இருந்த ஒரு நம்பிக்கை. ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் இருந்தேன். இங்கே இருபது வருடம் உதிரிப்பாகக் களஞ்சியமொன்றில் எண்ணினேன். கடிதம் வந்தால் என்னிடம் கொண்டுவருவார்கள். அவுஸ் என்றால் வெளியே. சைற் என்றால் நேரம். விளையாட்டுக்கு வெளியே உள்ள நேரம். ஆகவே இடைவேளை. இதைவிடத் தெளிவாக ஒரு சொல்லைப் பிரிக்க முடியாது. நூலகத்தில் விதிப்புத்தகத்தையும் எடுத்துப் பார்த்தேன். பாதி ஆட்டம் முடிந்ததும் பதினைந்து நிமிடம் என்று இருந்தது. அதற்குமேல் வாசிக்கத் தேவையிருக்கவில்லை.

"அவுஸ்வைஸ், அவுஸ்லெண்டர்அம்ற், அவுஸ்றைசே," என்று தங்கச்சி விரல் மடித்தாள். அடையாள அட்டை, வெளிநாட்டவர் அலுவலகம், நாட்டைவிட்டு வெளியேற்றம். "இருபது வருசமா இந்த அவுஸில தொடங்கின ஒரு சொல்லும் எங்களுக்கு நல்லது கொண்டந்ததில்லை, அண்ணை. வடிவா விசாரிச்சனீங்களோ?"

விசாரித்தேன் என்றேன்.

என் மனைவி யோசிக்காமல் ஓம் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எங்கள் பங்குக் கோயிலின் கீழ்த்தளத்தில் ஓர் அறை உண்டு. ஆறு வருடமாக வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி தொடக்கம் பத்து மணி வரை அது கோலாட்டக் குழுவுக்கு. மனைவி வைத்தியசாலைச் சமையலறையில் விடியற்காலை வேலை, மூன்றரைக்கு எழும்புவாள். மற்றவர்களில் அநேகம் பேர் அலுவலகங்களைத் துப்புரவு செய்கிறவர்கள். அவர்களுக்கும் அதே கதி. மறுநாள் விடிய எழும்பத் தேவையில்லாத இரவு கிழமையில் அந்த ஒன்றுதான். மற்ற ஆறு இரவும் எட்டரைக்கு அவள் படுக்கைக்குப் போய்விடுவாள். நான் தனியே செய்தி பார்ப்பேன். வெள்ளி இரவு மட்டும் பத்தேகாலுக்கு, வியர்த்து, கழிகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, படியில் ஏறும்போதே ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வருவாள். அந்தச் சிரிப்பு எனக்கு இரண்டு மாடி கீழேயிருந்து கேட்கும்.

அந்த வெள்ளியைப் பங்கின் பெண்கள் உடற்பயிற்சிக் குழு கேட்டது. அறைகளைப் பங்கிடும் குழுவின் தலைவியும் அந்த உடற்பயிற்சிக் குழுவின் தலைவியும் ஒரே ஆள். குட்டை முடி வெட்டிய, நேரான முதுகுடைய ஜேர்மன் பெண். அவர் கெட்ட மனுசி அல்ல. உங்கள் குழு ஆறு வருடத்தில் எங்கும் ஆடியதில்லையே, யாருக்காக ஒத்திகை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. செவ்வாய்க்கிழமை தருகிறேன் என்றார்.

"செவ்வாய் எனக்கு ஏலாது," என்றாள் மனைவி வீட்டுக்கு வந்து. "வெள்ளி போனால் எனக்கு ஆட்டமும் போச்சு."

கூடைப்பந்து மண்டபத்தில் ஆடப்போகிறோம் என்று சொன்னதும் தலைவியின் முகம் மாறியது. தானும் அந்தக் கழகத்தின் ஆதரவாளர்தான், பதினெட்டாம் திகதி நேரே வந்து பார்க்கிறேன், பார்த்த பிறகு முடிவு சொல்கிறேன் என்றார்.

ஆகவே பதினைந்து நிமிடத்துக்கு ஒரு நிகழ்ச்சி தயாரானது. மூன்று பாட்டு. முதலாவதில் நடந்து வந்து வட்டம் போடுவது, இரண்டாவதில் கும்மி, மூன்றாவதில் கோலாட்டம். எல்லாம் சினிமாப் பாட்டுத்தான். சபையில் கேட்டால் கிராமியம் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் செக்கன் காட்டும் மணிக்கூட்டோடு கதிரையில் இருந்தேன். பதினான்கு நிமிடம் இருபது செக்கன். வணக்கம் சொல்ல நாற்பது செக்கன் மிச்சம். கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது: பலகைத் தளத்தில் கறுப்பு அடி உள்ள காலணி கூடாது, வெறுங்காலும் கூடாது, வெளிர் நிற அடிதான் வேண்டும். அந்தச் சப்பாத்துகளின் கதை அதுதான்.

மண்டபம் எனக்குப் பிடித்துப்போனது, அதை அங்கேயே ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. எங்கள் பாடசாலைப் போட்டிகளில் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டுப் போடுவார்கள். நடுவர் விசில் ஊதினால் பாட்டு நிற்கும், ஆட்டம் தொடங்கும். பாட்டு ஒரு பக்கம், ஆட்டம் ஒரு பக்கம். இங்கே இரண்டையும் பிரிக்கவே முடியவில்லை. பந்து வெளியே போனால் நாலு செக்கன் பாட்டு. ஒருவன் விழுந்தால் ஆறு செக்கன். எங்கள் பக்கம் பந்தோடு போனால் ஒரு மேளம், அவர்கள் பந்தோடு வந்தால் வேறு மேளம். ஒவ்வொரு வீரனுக்கும் தனிப் பாட்டு. பெயர் கூப்பிட்டதும் அது அதிர, அவன் அந்தத் தாளத்துக்குக் கால் வைத்து ஓடி வருவான். வீரர்கள் எல்லோரும் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வந்து இறங்கியதைக் கண்டபோது, இது விளையாட்டு வீரரா பாட்டுக்காரரா என்று எனக்குச் சந்தேகமே வந்தது. உதைபந்தாட்டத்தில் சனம் தானே பாடும். இங்கே பாட்டுச் சனத்தை ஆட்டுகிறது.

இவ்வளவையும் செய்தவர் ஒரே ஆள். மேசையோரத்தில் இரண்டு சிடி இயந்திரமும் ஒரு கணினியும் வைத்துக்கொண்டு, தொப்பியைப் பின்பக்கமாகப் போட்ட, நாற்பது தாண்டிய மனுசன். என் சிடியைக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"எந்த அறுபது செக்கன்?" என்று கேட்டார்.

"பதினான்கு நிமிடம் இருபது செக்கன்," என்று திருத்தினேன்.

"ஐயா, அவுஸ்சைற் அறுபது செக்கன்."

"இடைவேளை பதினைந்து நிமிடம்."

"இடைவேளைக்குச் சொல் பாவுசே. அதில் சிறுவர்கள் விளையாடுவார்கள், விளம்பரம் தருகிற சமையலறைத் தளபாடக் கடையின் பரிசு கொடுப்பார்கள். அவுஸ்சைற் என்றால் பயிற்சியாளர் ஆட்டத்தை நிறுத்தி ஒரு நிமிடம் கேட்பது." அவர் இரண்டு கையாலும் ஆங்கில T எழுத்தைப் போல ஒரு சைகை காட்டினார். "பின்பாதியில் எங்கள் பயிற்சியாளர் கேட்கிற முதலாவது உங்களுடையது."

"எத்தனை மணிக்குக் கேட்பார்?"

அவர் என்னை அன்போடு பார்த்தார். "தோற்கத் தொடங்கும்போது கேட்பார்."

உடுப்பு மாற்றும் அறைக்குப் போய் இதைச் சொன்னேன். ஒன்பது பேரும் கண்ணாடிக்கு முன்னால் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அறுபது செக்கன்," என்றாள் தங்கச்சி. "அதுக்குள்ள நாங்கள் வட்டத்துக்கே வந்து சேரமாட்டம். அந்த மூலையில நிண்டு கை காட்டிப்போட்டுப் போகலாம்."

"சொல்லைப் பிரிச்சால் சரியாத்தான் வந்தது," என்றேன்.

"அண்ணை, நீங்கள் இனிச் சொல்லொண்டும் பிரிக்காதேங்கோ."

மனைவி வாயில் இருந்த ஊசியை எடுத்துச் சேலையில் குத்தினாள். பிறகு, "மூண்டாம் பாட்டின்ர கடைசி நிமிசம்," என்றாள். "கெதியா அடிக்கிற இடம். அதை மட்டும் ஆடுவம். வட்டம் வேண்டாம், ஓடிப்போய் ரெண்டு வரிசை. ஹூப்பை அடிச்சதும் கழியைத் தலைக்கு மேல குறுக்க வைச்சு அப்பிடியே நிக்கிறது. தலைவி மூண்டாம் வரிசையில வந்து இருக்கிறா. அந்த ஒரு நிமிசத்தை வடிவாச் செய்தால் காணும்."

"ஹூப்பை அடிச்சால் முடிவுதானே?" என்று மனைவி என்னைக் கேட்டாள். ஊதுகுழல் போன்ற அந்த மேசைச் சத்தத்தைத்தான் எல்லோரும் ஹூப்பை என்போம். பாட்டுப் போடுகிறவரிடம் போய்க் கேட்டேன். ஓம், அது அடித்தால் இறங்கிவிட வேண்டும் என்றார். பதின்மூன்று நிமிடம் இருபதாவது செக்கனில் தொடங்கச் சொல்லி அவரிடம் எழுதிக் கொடுத்தேன். நடுவில் தொடங்கினால் பாட்டுக் கெடாதா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "இந்த மண்டபத்தில் இதுவரை ஒரு பாட்டும் முடிந்ததில்லை, ஐயா. தொடக்கத்தைக் கேட்டவரும் இல்லை." என்னையும் தன் பக்கத்தில் ஒரு கதிரையில் இருத்திக்கொண்டார்.

பின்பாதி தொடங்கியது. ஒன்பது பேரும் மேசைக்குப் பின்னாலுள்ள வழியில், குளிர்ச்சட்டையைக் கழற்றிவிட்டு, ஓடுவதற்குத் தயாராக நின்றார்கள். எங்கள் பக்கம் நன்றாக விளையாடியது. பந்துகள் விழுந்தன, சனம் எழும்பியது, ஆசனங்களில் வைத்திருந்த மடித்த கனத்த அட்டைகளைத் தொடையில் அடித்து ஆரவாரித்தது, பாட்டு அதிர்ந்தது. பயிற்சியாளர் கையைக் கட்டிக்கொண்டு புன்னகைத்தார். பத்து நிமிடம் போயிற்று. ஆட்டத்தின் நாலு பகுதியில் மூன்றாவதும் முடிந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அப்போதுதான் எங்கள் நிலைமை எங்களுக்கு விளங்கியது. இந்த மனுசன் கவலைப்படாவிட்டால் ஆட்டமில்லை. ஆட்டமில்லாவிட்டால் வெள்ளியில்லை. எதிராளி ஒரு பந்தைப் போட்டான். மண்டபம் முழுவதும் மௌனம். எனக்குப் பின்னால் மட்டும் கோலாட்டக் கழிகள் மெல்லத் தட்டின.

"நல்லாப் போட்டான் பெடியன்," என்றாள் தங்கச்சி.

"சத்தம் போடாதையும்," என்றேன்.

"அந்த உயரமானவன் இன்னொண்டு போட்டால் காணும் அண்ணை. சும்மா நிக்கிறான், ஒருத்தரும் மறிக்கேல்லை, போடன்ரா மோனை."

அவன் போட்டான். ஒன்பது பேரும் கைதட்டினார்கள். நானும் முழங்காலில் தட்டினேன் என்று நினைக்கிறேன். மூன்றாம் வரிசையில் கழகத்தின் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டிருந்த தலைவி எழும்பி, கம்பிக்கு மேலால் குனிந்து, நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

"நாங்கள் அவுஸ்சைற் பக்கம்," என்றாள் என் மனைவி, தன்னிடமிருந்த அவ்வளவு டொச்சையும் சேர்த்து.

எதிராளி மூன்றாவது பந்தைத் தூரத்திலிருந்து எறிந்தான். அது வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே போனது. பயிற்சியாளர் கட்டியிருந்த கையை அவிழ்த்து, மேசையைப் பார்த்து அந்தச் சைகையைக் காட்டினார். இவ்வளவு அழகான சைகையை நான் வேறெந்த விளையாட்டிலும் கண்டதில்லை.

பாட்டு வெடித்தது. ஒன்பது வெள்ளைச் சப்பாத்துச் சோடியும் பலகையில் கிரீச்சிட்டுக்கொண்டு ஓடின. நான் மணிக்கூட்டை அழுத்தினேன். இரண்டு வரிசை, நாலும் ஐந்தும். வேகமான இடத்திலிருந்தே தொடங்கியதால் முதல் அடியிலேயே கழிகள் முழுச் சத்தத்தோடு மோதின. அந்த மண்டபத்தில் எல்லாத் தாளமும் ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. மரத்தில் மரம் அடிக்கிற சத்தத்தை அங்கே அன்றுதான் கேட்டார்கள் போலும். பத்தாவது செக்கனில் ஒரு மூலையில் அட்டைகள் அதே தாளத்தைப் பிடித்தன. இருபதாவதில் நாலு பக்கமும் பிடித்தது. முப்பத்தைந்தாவதில் வரிசை மாறினார்கள், ஒருத்தியும் பிழைக்கவில்லை. என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். வெள்ளி இரவில் படியேறி வருகிற அதே முகம்.

ஐம்பதாவது செக்கனில் ஹூப்பை அடித்தது.

ஒன்பது பேரும் சொன்னபடியே கழிகளைத் தலைக்கு மேல் குறுக்காக வைத்துச் சிலையாக நின்றார்கள். பாட்டு நிற்கவில்லை. அது பாட்டுக்கு அதிர்ந்துகொண்டிருக்க, நடுவில் ஒன்பது சிலைகள். மண்டபம் ஒரு கணம் குழம்பி, பிறகு இதுவும் ஆட்டத்தின் ஒரு பகுதி என்று நினைத்துச் சந்தோஷத்தில் கத்தியது.

நான் எழும்பிவிட்டேன். ஐம்பது என்றால் ஐம்பது. என் கையில் மணிக்கூடு இருக்கிறது. மேசையில் இருந்த நேரக் காப்பாளரிடம் போய், பத்துச் செக்கனை எடுத்துவிட்டீர்கள் என்று சொல்லிக்கொண்டே, தளத்தைப் பார்த்துத் தமிழில், "இன்னும் பத்துச் செக்கன் இருக்கு, ஆடுங்கோ," என்று கத்தினேன்.

"அக்கா, ஹூப்பை பிழைச்சுப்போச்சாம்," என்று தங்கச்சி சொல்வது எனக்கே கேட்டது. ஒன்பது பேரும் மறுபடி பாய்ந்தார்கள். நின்று தொடங்கியதால் முன்னையதைவிட வேகம்.

நேரக் காப்பாளர் என்னிடம் பொறுமையாக விளக்கினார். ஐம்பதாவது செக்கனில் அடிப்பது எச்சரிக்கை. வீரர்கள் தயாராவதற்கு. அறுபதாவதில் அடிப்பதுதான் முடிவு. அவர் இதை விளக்கி முடிப்பதற்குள் அறுபதாவது செக்கன் வந்து, இரண்டாவது ஹூப்பையும் அடித்தது.

அதை யார் நம்புவது. பிழையான ஹூப்பை ஒன்றை ஏற்கெனவே கேட்டவர்கள் அவர்கள். பாட்டுப் போடுகிறவர் பாட்டை நிறுத்தினார். இவர்கள் தாங்களே பாடத் தொடங்கினார்கள். அட்டைகள் விடவில்லை. வீரர்கள் தளத்துக்கு வந்தார்கள், வந்தவர்களுக்குப் போக இடமில்லை. எங்கள் பக்கத்து அமெரிக்கர் ஒருவர், ஏறத்தாழ இரண்டு மீற்றர் உயரம், வரிசையின் ஓரத்தில் நின்று கொஞ்ச நேரம் காலைப் பார்த்தார். பிறகு அதே அடியைப் போட்டார். இடது, வலது, திரும்பு. கழி இல்லாததால் தன் பெரிய உள்ளங்கையைத் தங்கச்சியின் கழிக்கு நீட்டினார். அவளும் விடாமல் அடித்தாள். நடுவர் விசிலை வாயில் வைத்திருந்தார், ஊதவில்லை. பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றார். அவருடைய சப்பாத்து நுனி தட்டியதை நான் பார்த்தேன், அவர் மறுப்பார்.

கடைசியில் மனைவிதான் என் முகத்தைக் கண்டு நிறுத்தினாள். கழிகள் குறுக்காக மேலே போயின. வணக்கம். ஓட்டம். எழுபத்தெட்டாவது செக்கன்.

நடுவர் மேசைக்கு வந்து, இன்னொருமுறை இப்படி நடந்தால் தண்டனை என்று எச்சரித்துவிட்டுப் போனார். நான் கதிரையில் சிறிதாகிப் போய் இருந்தேன். எங்கள் கழகம் ஆறு புள்ளியால் தோற்றது.

வாசலில் தலைவி காத்து நின்றார். சால்வையை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"அறுபது செக்கன் என்று எனக்குச் சொன்னார்கள்," என்றார். "நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். எழுபத்தேழு."

"எழுபத்தெட்டு," என்றேன். மனைவி வெள்ளைச் சப்பாத்தால் என் காலை மிதித்தாள்.

தலைவி சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு அறைக்கு வாருங்கள். முடிவை அங்கே சொல்கிறேன்," என்று சொல்லிவிட்டு, வாகனம் நிறுத்தும் இடத்தை நோக்கி நேரான முதுகோடு நடந்தார்.

ரயிலில் ஒன்பது பேரும் குளிர்ச்சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு இருந்தார்கள். வெள்ளி போய்விட்டது என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். கழகத்துக்கு எச்சரிக்கை, எதிராளிக்குக் கைதட்டு, நேரம் கடந்தது, மூன்று குற்றம். மூன்றாவது தரிப்பில் கதவு மூட முன்னர் அடிக்கிற அந்தப் பீப் சத்தம் கேட்டது. தங்கச்சி சட்டென்று கையைத் தலைக்கு மேல் குறுக்காக வைத்துச் சிலையானாள். ஒரு செக்கன். பிறகு எட்டுப் பேரும். குளிர்ச்சட்டையோடு ஒன்பது சிலைகள். எதிரே இருந்த பொடியன் கையில் வைத்திருந்த உருளைக்கிழங்குப் பொரியலை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே இருந்தான். ரயில் அசைந்தது, ஒருத்தி மற்றவள் மேல் விழுந்தாள். மனைவி சிரிக்கத் தொடங்கினாள். கண்ணால் நீர் வர, மூச்சு எடுக்க முடியாமல், என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அந்த மனுசனிட்டப் போய்ச் சண்டை பிடிச்சீங்களே," என்றாள். "பத்துச் செக்கனுக்கு."

"என்னுடைய கணக்குப் பிழைக்கேல்லை. நீர் பாரும், ஐம்பதெண்டால் ஐம்பது."

"ஓமப்பா. ஓம்."

டோர்ட்மண்ட் வரும்வரை ஒவ்வொரு தரிப்பிலும் சிலையானார்கள். கடைசி இரண்டு தரிப்பில் அந்தப் பெட்டியில் இருந்த ஜேர்மன்காரரும் சேர்ந்துவிட்டார்கள். நானும் ஒருமுறை கையைத் தூக்கினேன்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு ஒன்பது பேரும் போனார்கள். அறையைத் துப்புரவாக ஒப்படைக்க வேண்டுமென்று நான் விளக்குமாற்றையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். கதவைத் திறந்தால், உள்ளே கதிரைகள் எல்லாம் சுவரோரம் ஒதுக்கப்பட்டிருந்தன. உடற்பயிற்சி உடுப்போடு பதினொரு ஜேர்மன் பெண்கள் வரிசையாக நின்றார்கள். எல்லோர் காலிலும் வெளிர் அடி.

தலைவி முன்னால் வந்தார். "வெள்ளிக்கிழமை இரண்டு குழுவுக்கும்," என்றார். "எங்களுக்கு அந்த இடத்தை மட்டும் சொல்லித் தாருங்கள். ஹூப்பை அடித்ததும் நிற்கிற இடம். அதை எத்தனை மாதம் பழகினீர்கள்?"

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"அது கஷ்டமான இடம்," என்றாள் மனைவி நிதானமாக, தன் டொச்சில். "ஆறு வருடம்."

அவர்களிடம் கழி இருக்கவில்லை. அந்த இரவு கையைத் தட்டியும், என் விளக்குமாற்றை ஒருவர் மாறி ஒருவர் பிடித்தும் ஒப்பேற்றினார்கள். பத்தேகாலுக்கு மனைவியின் சிரிப்பு எனக்குப் பக்கத்திலேயே படியேறியது. மறுநாள் காலை மரச் சாமான் கடையில் உருளைத் தடிகள் வாங்கி, நிலவறையில் இருபத்திரண்டு கழியாக அறுத்து, முனைகளை உப்புத்தாளால் தேய்த்தேன். சப்பாத்து, பயணச்சீட்டு, சிடி, தடி, உப்புத்தாள் எல்லாம் சேர்த்து எனக்கு முடிந்தது இருநூற்று முப்பத்தொரு யூரோ நாற்பத்தைந்து சதம்.